பழைய ஆம்னி கேம்பர் வேனின் இக்னிஷன்: பழனி யாத்திரைக்கு முன் நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலைகள்

கானாடுகாத்தானில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா வாங்கிய பழைய மாருதி ஆம்னி இன்னும் வீட்டில் இருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், பாயின்ட் (மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் வைக்கும் சிறு சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பாகம்). பின் இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை, தண்ணீர் கேன், சிறிய கேஸ் அடுப்பு எல்லாம் வைத்து, இரண்டு பேர் தங்கிப் பயணம் செய்யும் வண்டியாக மாற்றியிருக்கிறார். மழை பெய்த மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது என்ஜினில் எரிவது இடையிடையே தவறி வண்டி குலுங்குகிறது. பட்டறையில் எல்லாப் பாகங்களையும் மாற்றி, பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கிட் போடச் சொல்கிறார்கள். தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் காவடி யாத்திரையில், வீட்டுப் பெரியவர்கள் இடையிடையே ஏறி ஓய்வெடுக்க இந்த வண்டியைக் கூடவே ஓட்டிச் செல்ல வேண்டும் என்கிறார். இந்த வேலையைத் தானே செய்துகொள்ள முடியுமா என்பது அவருடைய கேள்வி.

முடியும், தம்பி. பாயின்ட் வைத்த இக்னிஷன் அமைப்பில், அதாவது பெட்ரோல் கலவையைப் பொறியால் எரியவைக்கும் அமைப்பில், உங்கள் கையால் தொட முடியாத, கண்ணால் பார்க்க முடியாத, மல்டிமீட்டரால் அளக்க முடியாத பாகம் எதுவுமே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சமயத்தில் ஒரே ஒரு பாகத்தைத்தான் தொட வேண்டும், தொட்டதும் வண்டியை ஓட்டிப் பார்த்து அதன் விளைவைக் குறித்துவைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கோளாறு எதில் இருந்தது என்பது தெரியாமலேயே போய்விடும். புதிதாகப் போட்ட பாகம் ஒன்று பழுதாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்காது.

நீங்கள் எழுதியதைப் படித்தவரையில் உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. மழைக்குப் பிறகு காலையில் எடுக்காமல் இருப்பது ஈரத்தால் வருவது. உயர் மின்னழுத்தம் பிளக்குக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே கசிகிறது என்று பொருள். சூடேறிய பிறகு மிஸ்ஸிங் அடிப்பது பெரும்பாலும் கன்டென்சரிலோ காயிலிலோ சூட்டினால் உண்டாகும் பழுது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் பட்டறையில் "எல்லாவற்றையும் மாற்றுங்கள்" என்ற பதில் கிடைத்திருக்கிறது.

அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே புரியும். 1910ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறைதான் இது. பாயின்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயில் என்னும் கம்பிச்சுருளின் முதல் சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டில் உள்ள கேம் என்னும் மேடு பாயின்ட்டைத் திறந்த அந்தக் கணத்தில் காந்தப்புலம் சரிகிறது, அந்தச் சரிவினால் காயிலின் இரண்டாவது சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. அது காயிலின் நடு ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்கு வந்து, உள்ளே சுழலும் ரோட்டர் காட்டும் திசையில் உரிய பிளக்குக்குப் போகிறது. பாயின்ட் திறக்கும்போது அதன் முனைகளுக்கிடையே நெருப்பு தாவாமல் தடுத்து, காந்தப்புலம் சட்டென்று சரிய உதவுவது கன்டென்சர். மூன்று சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 75 முறை இது நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நடந்தாக வேண்டும். நூற்றில் மூன்று தவறினாலும் ஏற்றத்தில் வண்டி குலுங்குவதை நீங்கள் உணர்வீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன், இது தங்கும் வண்டி என்பதை மறக்கக்கூடாது. ஆம்னியில் என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில், நீங்கள் படுத்துறங்கும் அதே கூட்டுக்குள் இருக்கிறது. எனவே இருக்கையைத் தூக்கும் முன்பே கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கித் தூரத்தில் வைத்துவிட்டு, எல்லாக் கதவுகளையும் திறந்து ஒரு கால்மணி நேரம் காற்றோட விடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்திருந்தால் வண்டியின் தரையில்தான் தேங்கி நிற்கும், நீங்கள் பிளக்கில் ஸ்பார்க் பார்ப்பதும் அந்த உயரத்தில்தான். மெத்தை, போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். படுக்கை அருகே விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனியாக இரண்டாவது பேட்டரி வைத்திருந்தால் அதன் இணைப்பையும் கழற்றுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, தோளில் கிடக்கும் துண்டு ஆகிய எதுவும் இந்த வேலையின்போது உடம்பில் இருக்கக்கூடாது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது, ஓடும் என்ஜின் அருகில் நின்று பார்க்கவும் கூடாது. என்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பதைக் கொட்டகைக்குள் வைத்துக்கொள்ளாமல் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை பலருக்குத் தெரியாது. என்ஜின் ஓடாத நிலையில் இக்னிஷன் சாவியை நீண்ட நேரம் ஆன் செய்து வைக்காதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் என்ஜின் நின்றிருந்தால் காயிலில் மின்சாரம் விடாமல் ஓடி அதைச் சுடவைத்துப் பழுதாக்கிவிடும். வண்டிக்குள் பாட்டுக் கேட்பதற்காகச் சாவியை ஆன் செய்து வைக்கும் பழக்கத்தால் வீணான காயில்கள் பல.

முதலில் எந்தப் பாகத்தையும் கழற்றாமல் அளந்து பாருங்கள். காரைக்குடிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியை ஆன் செய்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் காயிலின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். காயிலுக்கு முன்னால் தனி ரெசிஸ்டர் வைக்காத வண்டியில் அது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சாவி சுவிட்ச், ஃபியூஸ் தாங்கி, இடையிலுள்ள இணைப்பு முனைகள் ஆகியவற்றில் எங்கோ பச்சைப் பூஞ்சாணம் போல உப்புப் பூத்திருக்கிறது என்று பொருள். அதேபோல் காயிலின் நெகட்டிவ் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தால் கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பாயின்ட் முனைகள் கருகியிருக்கலாம், அல்லது என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை சரியாக ஒட்டாமல் இருக்கலாம்.

எர்த் பட்டையை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு நம் ஊர்ப் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. தேவகோட்டைக்குக் கிழக்கே தொண்டிக் கடற்கரை வரை அடிக்கடி போய்வரும் வண்டிகளில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடுகிறது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிமானத்தை ஆராய்வதற்கு மண்டபத்தில் ஒரு சோதனை நிலையத்தை வைத்திருப்பதே கடலோரக் காற்றின் கடுமையை எடுத்துக்காட்டும். செம்பு முனையும் இரும்புப் பாடியும் ஈர உப்போடு சேர்ந்தால் அதுவே ஒரு சிறிய பேட்டரியாகி உலோகத்தைத் தின்கிறது. போல்ட்டைக் கழற்றி, இரு பக்கமும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கிய பிறகு மேலே சிறிது கிரீஸ் பூசிவிடுங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் பாதி வண்டிகளில் இதை யாரும் செய்வதே இல்லை.

அடுத்தது பாயின்ட். பட்டறைகளில் இதைப் பிளாட்டினம் என்றே சொல்கிறார்கள். பெயர் அப்படி நிலைத்துவிட்டது, உண்மையில் உரசும் முனைகள் டங்ஸ்டனால் ஆனவை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் ரோட்டரையும் எடுத்தால் பாயின்ட் கண்ணில் படும். அதன் இரண்டு முனைகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். லேசான சாம்பல் நிறமும் சீரான மேற்பரப்பும் இருந்தால் அது நல்ல பாயின்ட். ஒரு முனையில் குழியும் மறு முனையில் அதற்கேற்ற மேடும் இருந்தால் உலோகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறியிருக்கிறது. கன்டென்சரின் அளவு பொருந்தவில்லை என்பதற்கு அது அடையாளம். முனைகள் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் எண்ணெயோ கிரீஸோ அவற்றின் மேல் பட்டிருக்கிறது, அல்லது கன்டென்சர் பழுதாகியிருக்கிறது. குழி விழுந்த பாயின்ட்டில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்தால் தகடு மேட்டின் மேல் நின்று பொய்யான அளவைக் காட்டும். அந்த நிலையில் புதிய பாயின்ட் போட்டுவிடுவதே நல்லது. பயணத்தின் நடுவே வேறு வழியில்லை என்றால் மெல்லிய தட்டை அரத்தால் சீவிக்கொள்ளலாம். உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பது நம்மூரில் பரவலான வழக்கமாக இருந்தாலும், அதன் பொடி முனைகளில் பதிந்து மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

இடைவெளியை அமைக்க என்ஜினைக் கையால் சுற்றி, கேமின் உச்சி பாயின்ட்டின் நைலான் குதிகாலை முழுவதும் தள்ளி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த வகை சுசுகி என்ஜின்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை வைக்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகைப் பாதி தளர்த்தி, தகடு லேசான பிடிப்போடு வழுக்கும்படி அமைத்து, முடுக்கிய பின் மறுபடியும் ஒருமுறை அளக்க வேண்டும். முடுக்கும்போது இடைவெளி மாறிவிடுவது வழக்கம் என்பதால் இந்த இரண்டாவது அளவைத் தவிர்க்கவே கூடாது. ஃபீலர் கேஜில் எண்ணெய்ப் பசை இருக்கும், ஆகவே கடைசியில் ஒரு சுத்தமான வெள்ளைத்தாளை முனைகளுக்கிடையே விட்டு இழுத்துத் துடைத்துவிடுங்கள். கேமில் அரிசி மணி அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவுங்கள். தாராளமாகத் தடவினால் அது சூட்டில் தெறித்துப் பாயின்ட்டில்தான் விழும்.

நைலான் குதிகால் நாளடைவில் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறைகிறது, பாயின்ட் தாமதமாகத் திறக்கிறது, டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்குகிறது. யாரும் எதையும் தொடாமலேயே வண்டியின் இழுவை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைவதற்கு இதுவே காரணம். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால், பாயின்ட்டை முடித்த பிறகுதான் டைமிங்கில் கை வைக்க வேண்டும்.

இப்போது சூட்டில் வரும் மிஸ்ஸிங்குக்கு வருகிறேன். கன்டென்சரின் அளவு பெரும்பாலும் 0.2 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். அதை அளக்கும் வசதியுள்ள மீட்டர் இருந்தாலும், குளிர்ந்த நிலையில் சரியாகக் காட்டும் கன்டென்சர் சூட்டில் கைவிடலாம் என்பதால் அந்த அளவை மட்டும் நம்பிவிடக்கூடாது. இதற்குச் சரியான சோதனை சாலையில்தான் நடக்கும். நன்றாக வேலை செய்வது உறுதியான ஒரு கன்டென்சரை ஒயரோடு தயாராக வைத்துக்கொண்டு, மிஸ்ஸிங் வரும்வரை வண்டியை ஓட்டுங்கள். வந்ததும் பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்தி, சாவியை அணைத்து, பழைய கன்டென்சரின் ஒயரைக் கழற்றிவிட்டு, புதியதைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் என்ஜின் உலோகத்துக்கும் இடையே தற்காலிகமாக இணைத்து ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் நின்றுவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. நிற்கவில்லை என்றால் அதே சூட்டில் காயிலை மாற்றிப் பாருங்கள்.

காயிலை மீட்டரால் சோதிக்கும் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது 3 ஓம் காட்டிய முதல் சுற்று, சூட்டில் 3.7 ஓம் காட்டுவதைப் பார்த்து அது கெட்டுவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடுவது இயல்பு. 60 டிகிரி சூடேறினால் இந்த அளவு ஏறத்தான் செய்யும். காயில் பழுதா என்பதை ஸ்பார்க்கே சொல்லிவிடும். நன்றாக எர்த் செய்யப்பட்ட பிளக்கில் பொறி நீலமாகவும் சத்தத்தோடும் இருந்தால் நல்லது, மஞ்சளாக நூல் போல மெலிந்திருந்தால் பழுது. மிஸ்ஸிங் அடிக்கும் நேரத்திலேயே பொறி வலுவாக இருந்தால் இக்னிஷனைத் தேடுவதை நிறுத்திவிட்டுப் பெட்ரோல் பக்கம் பாருங்கள். என்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள் ஆவி கட்டினாலும் இதே போன்ற தொல்லை வரும். பெட்ரோல் குறைந்தால் வண்டி மெல்லச் சோர்ந்து போகும், இக்னிஷன் அறுந்தால் சட்டென்று வெட்டினாற்போல் நிற்கும். ஏற்றத்தில் கவனித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு காலடியிலேயே தெரியும்.

மழைக்காலக் கோளாறை இரவில் தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் மார்கழிப் பனியும் கேப்பின் உட்புறத்தில் படிந்தால் செம்மண் தூசியோடு கலந்து மின்சாரம் கசியும் பாதையாகிவிடுகிறது. ஆம்னியில் என்ஜின் கீழே இருப்பதால், மண் சாலைகளில் போய்வந்த வண்டியில் இருக்கை மூடியின் ஓரங்கள் வழியாகத் தூசி தாராளமாக உள்ளே போகும். வெளிச்சமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, இருக்கையைத் தூக்கிவிட்டு என்ஜினை ஓடவிடுங்கள். வேட்டியோ தளர்ந்த உடையோ பெல்ட்டின் அருகே போகாதபடி பார்த்துக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே போதும். ஒயர்களின் மேல் நீலப் பொறிகள் ஊர்வது தெரிந்தால் அந்த ஒயரின் உறை வெடித்திருக்கிறது. தெரியவில்லை என்றால் பூச்செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து மெல்லிய தூறலாக ஒயர்களின் மேலும் கேப்பின் மேலும் தெளியுங்கள். எந்த இடத்தில் தெளித்ததும் என்ஜின் தடுமாறுகிறதோ அந்த இடத்தில்தான் பழுது. அந்த நேரத்தில் எந்த ஒயரையும் கையால் தொடாதீர்கள். ஓடும் என்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பட்டறைகளில் வழக்கம். அது உங்கள் கைக்கும் நல்லதல்ல, காயிலின் உட்பூச்சுக்கும் நல்லதல்ல.

கேப்பைக் கழற்றிக் கழுவித் துடைத்து, உட்புறத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய கறுப்புத் தடம் தெரியலாம். பொறி கசிந்து கசிந்து பிளாஸ்டிக் கரியாகி உண்டான தடம் அது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை, கேப்பையே மாற்ற வேண்டும். நடுவில் உள்ள கரிக்குச்சி அழுத்தினால் உள்ளே போய்த் தானே வெளியே வர வேண்டும். ரோட்டரின் நுனியில் வெண்மையான பொருக்கு இருந்தால் சுரண்டலாம், ஆனால் நுனி தேய்ந்து குட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். மூன்று ஒயர்களின் மின்தடையையும் ஓம் மீட்டரால் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நீளத்துக்கேற்பச் சிறு வேறுபாடு இருக்கும், ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அதற்குள் கரி இழை அறுந்திருக்கிறது. ஒயர்களைக் கழற்றும் முன் எந்தத் துளையிலிருந்து எந்த சிலிண்டருக்கு என்று வெள்ளை பெயின்ட்டால் குறித்துவையுங்கள். இந்த என்ஜினில் எரியும் வரிசை 1-3-2. நெடுநாள் நிற்கும் வண்டியில் எலி கடித்திருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பாருங்கள். நம் ஊர்ப் பெரிய வீடுகளின் பின்கட்டில் நிறுத்தும் வண்டிகளுக்கு எலி நிஜமான எதிரி.

பிளக்குக்கு வருவோம். யாத்திரைக்குப் போகும் வண்டிக்கு இதுதான் மிக முக்கியம். காவடியோடு நடந்து செல்பவர்களுடன் முதல் கியரில் ஊர்ந்தும், மரத்தடிகளில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தும் நாள் முழுக்கப் போகும் வண்டியில் பிளக்கின் நுனி போதிய சூடு அடைவதே இல்லை. ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் நுனியில் படியும் கரியை பிளக் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கீழே இருந்தால் கரி சேர்ந்துகொண்டே போய் மூன்றாவது நாள் மிஸ்ஸிங் அடிக்கும், அதை இக்னிஷன் பழுது என்று எண்ணி நீங்கள் வழியில் காயிலைத் தேடி அலைவீர்கள். ஆகவே நிற்கும் இடங்களில் என்ஜினை அணைத்துவிடுங்கள், சோக்கை முழுவதும் உள்ளே தள்ளியாகிவிட்டதா என்று பாருங்கள், ஒவ்வொரு நாள் முடிவிலும் இரவுத் தங்கல் இடத்துக்கு முன்கூட்டியே போகும்போது காலியான சாலையில் பத்துக் கிலோமீட்டராவது நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்து இடைவெளி அமைத்த மூன்று பிளக்குகள் தனியே கையில் இருக்கட்டும்.

கழற்றிய பிளக்கின் நுனி வெந்த செங்கல் போன்ற இளம் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கறுப்புப் பொடி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி மெலிவு. எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் என்ஜினுக்குள் தேய்மானம். அதை இக்னிஷன் வேலையால் சரிசெய்ய முடியாது. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் டைமிங் முந்தியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். வண்டியை எல்.பி.ஜி.யில் ஓட்டுபவர்கள் சற்றுக் குறைவாக வைப்பது நல்லது, ஏனென்றால் கேஸ் கலவையில் பொறி தாவுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். மாற்றுப் பிளக் வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். என்.ஜி.கே.யில் எண் கூடினால் பிளக் குளிர்ந்த வகை, பாஷ் நிறுவனத்தில் எண் கூடினால் சூடான வகை. பழைய ஆட்கள் மைக்கோ பிளக் என்று சொல்வதும் இந்த பாஷ் வகைதான். ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தினால் நேர்மாறான பிளக் கைக்கு வரும்.

என்ஜின் தலை அலுமினியம் என்பதால் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் சைக்கிள் பம்பால் குழிக்குள் இருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகளைக் கையால் மட்டுமே முடுக்குங்கள். புதிய பிளக் அமர்ந்த பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை போதும், பழையதைத் திரும்பப் போட்டால் அதைவிட மிகக் குறைவு.

டைமிங்கை ஒரு 12 வோல்ட் பல்பை வைத்தே அமைக்கலாம். காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே பல்பை இணைத்துச் சாவியை ஆன் செய்தால், பாயின்ட் மூடியிருக்கும்போது பல்பு எரியாது, திறந்ததும் எரியும். முதல் சிலிண்டரின் அழுத்த ஓட்டத்தில் டைமிங் குறி கையேட்டில் சொல்லியுள்ள டிகிரிக்கு வரும்படி என்ஜினை அது சுற்றும் திசையிலேயே கையால் சுற்றி நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, ரோட்டர் சுழலும் திசையில் உடலைத் திருப்பிப் பல்பை அணைத்து, பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து பல்பு எரியும் அந்த நொடியில் நிறுத்தி முடுக்குங்கள். டைமிங் லைட் கிடைத்தால் ஐட்லிங்கில், என்ஜினின் உறிஞ்சலை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுவரும் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு மீண்டும் சரிபார்க்கலாம்.

வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப டைமிங்கை முன்தள்ளும் பகுதிகளை யாரும் பார்ப்பதில்லை. ரோட்டரை விரலால் திருகி விட்டால் சுருள்வில் அதைத் திரும்ப இழுக்க வேண்டும். வாக்குவம் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினால் உள்தட்டு நகர வேண்டும், உறிஞ்சியதை நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். இதைச் சொல்லும்போது என் வண்டியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் திருமயத்தைத் தாண்டிப் போகும்போது, லேசாக ஆக்சிலரேட்டர் மிதித்தால் மட்டும் வண்டி வெட்டி வெட்டி ஓடியது, முழுவதும் மிதித்தால் சரியாகிவிட்டது. ஒரு பட்டறையில் காயில், கன்டென்சர், ஒயர், பிளக் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினோம். கோளாறு அப்படியே இருந்தது. மூன்று வாரம் கழித்து நானே டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து உட்கார்ந்தபோதுதான், பாயின்ட் பொருந்திய உள்தட்டை எர்த்தோடு இணைக்கும் விரற்கடை நீள ஒயர், மேலுறை முழுதாக இருக்க, உள்ளே இழை அறுந்திருந்தது தெரிந்தது. லேசாக மிதிக்கும்போது வாக்குவம் கூடித் தட்டு நகரும், ஒயர் இழுபட்டுத் தொடர்பு அறும். முழுவதும் மிதித்தால் வாக்குவம் குறைந்து தட்டு திரும்பி வரும், தொடர்பு ஒட்டிக்கொள்ளும். சில ரூபாய் ஒயர் அது. ஒரு சமயத்தில் ஒரு பாகம் என்று நான் வலியுறுத்துவது அன்றிலிருந்துதான்.

எலக்ட்ரானிக் கிட் கெட்டதல்ல. பாயின்ட்டின் தேய்மானமே அதில் இல்லை, தினமும் அலுவலகம் போகும் வண்டிக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் அது பழுதானால் முன்னறிவிப்பின்றி முழுவதுமாக நின்றுவிடும், நத்தம் தாண்டிய சாலையில் இரவில் அதற்கு மருந்து கிடையாது. பாயின்ட் பழுதானால் அரமும் ஃபீலர் கேஜும் வைத்து அரை மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். தவிர, எர்த் பட்டையும் கேப்பும் ஒயரும் பழுதாக இருக்கும் வண்டியில் கிட் போட்டாலும் மழைக்காலக் கோளாறு போகாது. இவற்றை முதலில் சரிசெய்யுங்கள், கிட்டைப் பிறகு யோசிக்கலாம். போடுவதென்றால் காயிலின் மின்தடை கிட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, கழற்றிய பாயின்ட், கன்டென்சர் இரண்டையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். ரோட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கைக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டம் இருக்கும்வரை பாயின்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரியாக இருக்கும், உங்கள் உழைப்பு எதுவும் நிலைக்காது. லேத் வேலை தெரிந்தவர் புஷ் போட்டுத் தருவார், அல்லது நல்ல நிலையிலுள்ள பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மார்கழி பிறக்கும் முன் இந்த வேலைகளைத் தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி வழியாகக் குன்றக்குடி வரை ஒரே சீராக ஓட்டிப் போய்வாருங்கள். நீங்கள் சொன்ன அரை மணி நேரச் சூடு அந்த வழியில் ஏறிவிடும். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இவற்றை ஒரு நோட்டில் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். முதல் வேலையாக, காயிலின் இரு முனைகளிலும் எடுக்கச் சொன்ன வோல்ட் அளவுகள் இரண்டையும் எடுத்து எனக்கு எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்த பிறகு பாயின்ட்டில் கை வைக்கலாம்.